வாழைத்தாள் நோட்டு வாங்கியவர்களுக்கு, தாண்டிக்குடியிலிருந்து

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசியில் அனுப்பிய நோட்டுகள் சிலவற்றில் பக்க ஓரத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளிகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது பூஞ்சணம். தவறு எங்களுடையதுதான். சொன்ன தேதிக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில், தாள் முழுதாகக் காயுமுன் தைத்துவிட்டோம். அந்த நோட்டுகளைத் திருப்பி அனுப்புங்கள், தபால் செலவு எங்களுடையது. தை மாதம் புது நோட்டு வந்து சேரும்.

அப்புறம், பலர் கேட்டது: தாள் ஏன் வெள்ளையாக இல்லை, ஒரு கட்டு பழுப்பாகவும் இன்னொன்று சந்தன நிறத்திலும் ஏன் வருகிறது?

இங்கே கொடைக்கானல் கீழ்மலையில், காப்பித் தோட்டங்களில் ஊடுபயிராக நிற்பது மலைவாழை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேர்வது இந்தப் பழம்தான். வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். தார் வெட்டிய மரத்தை அப்படியே போட்டுவைத்தால் தண்டுக் கூன்வண்டு குடியேறி, பக்கத்து மரங்களுக்கும் போய்விடும். அந்தத் தண்டைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஜீப் நிறைய வந்தாலும் மிஞ்சும் நார் கொஞ்சம்தான்.

மட்டையை உரித்து நறுக்கி, சலவைச் சோடாவில் வேகவைத்து, அலசி அரைத்து, திருப்பூர் பனியன் வெட்டுத்துணிக் கூழைக் கால் பங்கு சேர்த்து, தொட்டியில் கலக்கிச் சல்லடையால் அள்ளுகிறோம். ஒரு தாளைக் கிழித்துப் பாருங்கள், ஓரத்தில் இழை இழையாக நார் நீட்டிக்கொண்டு நிற்கும். தாளுக்கு வலு அந்த நீள நார்தான். வெளிமட்டை பழுப்பாக வரும், உள்மட்டை வெளுப்பாக வரும். வாழைக்கறை வேட்டியில் பட்டால் போகுமா? தாளில் இருப்பதும் அந்த நிறம்தான்.

குளோரின் போட்டால் வெளுக்கும். ஆனால் எங்கள் ஓடைத் தண்ணீர் கீழே மருதாநதி அணைக்குப் போகிறது, அய்யம்பாளையம் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. சோடாத் தண்ணீரையே ஓடையில் விடாமல் அடுத்த கொப்பரைக்கு எடுத்துக்கொள்கிறோம். வெளுப்பதில்லை என்பதில் மாற்றம் இருக்காது.

மை ஊறாமலிருக்கத் தாளை அரிசிக் கஞ்சியில் தோய்க்கிறோம். ஈரம் நின்றால் பூஞ்சணத்துக்கு அந்தக் கஞ்சியே தீனி. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் பட்டறைக்குள்ளேயே வந்துவிடும். கொடியில் போட்ட தாள் நாள்கணக்கில் காயாது. ஆகவே இனி அந்த இரண்டு மாதமும் நோட்டு தைக்க மாட்டோம். புது வருட டைரி வேண்டுபவர்கள் ஆவணிக்குள் சொல்லிவிடுங்கள்.

புள்ளி இல்லாத நோட்டையும் ஒரு நாள் நிழலில் விரித்துக் காற்றாட வையுங்கள். வெயில் வேண்டாம், தாள் சுருண்டுவிடும்.

அன்புடன்,
கைக்காகிதப் பட்டறையினர், தாண்டிக்குடி