அமைச்சு இருக்கும்போது நாங்கள் எதற்கு?

அன்பு மகளுக்கு,

“மனிதவள அமைச்சு இருக்கும்போது நீங்களெல்லாம் தேக்காவில் உட்கார்ந்து என்னம்மா செய்கிறீர்கள்?” என்று போனில் கேட்டாய். இங்கே சிங்கப்பூரில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் மேசையைத்தான் சொல்கிறாய். நல்ல கேள்விதான், அதனால் எழுதியே சொல்கிறேன்.

முறையிட அமைச்சு இருக்கிறது, சரி. முறையிடலாம் என்றே தெரியாதவர் அங்கே எப்படிப் போவார்? போன மாதம் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். மரம் அறுக்கும்போது இரண்டு விரல் போய்விட்டது. “நான்தான் கவனமா இல்ல, கம்பெனியிடம் என்னத்தக் கேக்குறதும்மா?” என்றார். சூப்பர்வைசர் அப்படியே சொல்லிச் சொல்லி நம்பவைத்திருந்தார். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, தப்பு யார்மேல் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. வேலை செய்யும்போது, வேலையால் அடிபட்டதா என்பதுதான் கேள்வி. மருத்துவச் செலவு, எம்சி என்கிற மருத்துவ விடுப்பு நாட்களின் சம்பளம், நிரந்தர ஊனத்துக்கான தொகை எல்லாம் அதில் வரும். ஆனால் விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். இதைத் தமிழில் நிதானமாகச் சொன்னதும் அந்தத் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்ப என்னென்ன பேப்பர் எடுத்துட்டு வரணும்?” என்று கேட்டார். நாங்கள் அவருக்காகச் சண்டை போடுவதில்லை. தன் வழக்கைத் தானே பேசத் தெரிந்தவராக அவரை அனுப்புகிறோம்.

சம்பள பாக்கியிலும் நாள் கணக்குதான் ஆளைக் கவிழ்க்கிறது. வேலையை விட்ட பிறகு ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். ‘முதலாளி தருவார்’ என்று காத்திருந்தே அதைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. அப்படி வருகிறவரிடம், “இதில் பணம் கிடைப்பது கஷ்டம், தம்பி” என்று உள்ளதைச் சொல்லியாக வேண்டும். பொய் நம்பிக்கை கொடுத்து அலையவிடுவது பாவம்.

இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவரும் அமைப்புகளில் ஒன்று, 2004-ல் பதிவான டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ. வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸ் என்கிற தற்காலிக அனுமதியில் வேலையில்லாமல் காத்திருப்பவர்களுக்காக, தேக்காவின் கஃப் ரோட்டில் 2008 முதல் இலவசச் சாப்பாடும் போட்டார்கள். சாப்பிட வந்த இடத்திலேயே ஆலோசனையும் கிடைத்தது. அதோடு நிற்காமல், ஒரே மாதிரிக் குறை திரும்பத் திரும்ப வந்தால் அவற்றைத் தொகுத்து, விதியை மாற்றச் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனோடு வருகிறவர்களுக்கு எத்தனை ஆண்டு ஆலோசனை சொன்னாலும், அந்தக் கடன் முளைக்கும் இடம் அப்படியே இருந்தால் எப்படி?

அப்புறம் ஒரு விஷயம். உன் அறைத்தோழி வங்காளம் நன்றாகப் பேசுவாள் என்றாயே, படிப்பு முடிந்து இங்கேதான் வேலைக்கு வருகிறாளா? பங்ளாதேஷ் தம்பிகள் பேச ஆரம்பித்தால் எங்கள் மேசையில் பாதி புரிவதில்லை. வாரம் ஒரு மாலை போதும் என்று சொல், கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா