வளைவு ஏறும்போது மட்டும் வரும் ஆயில் வாடை

சேலம்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்தது. ஏற்காட்டில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று படித்ததில் சந்தோஷம். இங்கேயும் அனைவரும் நலம். கடிதத்தில் பாதி காரைப் பற்றியே எழுதியிருக்கிறாய், அதனால் நேராக அதற்கே வருகிறேன்.

எரிந்த ஆயில் வாடை ஆயில் மாற்றியபின் தொடங்கியது, டவுனுக்குள் ஓட்டினால் தெரிவதில்லை, அடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதும் மூக்கைத் துளைக்கிறது என்கிறாய். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆயில் வெளியே கசிந்து, இன்ஜினிலிருந்து சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு குழாயில் விழுகிறது என்றுதான் தோன்றுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவையும் செகண்ட் கியரில் இழுக்கும்போது மேனிபோல்டு 400 டிகிரியைத் தாண்டும். ஆயில் புகைய ஏறக்குறைய 200 டிகிரியே போதும். வேகமும் குறைவு என்பதால் புகையை அடித்துக்கொண்டு போகக் காற்று இல்லை. அது மேலெழும்பி, வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக உள்ளே வந்துவிடும். இன்னொன்று, ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கி நிற்கும்போது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் இருக்கும் ஆயில் பின்பக்கமாகத் தேங்கும். சமதரையில் ஆயில் எட்டாத விரிசல் மலையில் நனையும்.

எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன் ஆயில் அளவைப் பார். உன் போர்டிகோ சரிவு. அங்கே நிறுத்தி டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, எடுத்தால் அளவு தப்பாகத்தான் காட்டும். குறைகிறது என்று நினைத்து மேலும் ஊற்றியிருந்தால் அதுவே வினை. ஆயில் கூடினால் இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும், நுரை இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியே வெளியேறும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் பார். பெரும்பாலான கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் வடித்துவிடு.

அடுத்து, ஆயில் மாற்றியபோது கை வைத்த இடங்கள். ஊற்றும்போது சிந்தியது என்றால் இரண்டு தடவை மலை ஏறி இறங்கியதும் எரிந்து தீர்ந்திருக்கும். ஒரு மாதமாக வருகிறது என்றால் சிந்தியது காரணமில்லை. ஆயில் பில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல். பழைய பில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கின் வாஷர் நசுங்கியிருந்தாலும் கசியும், ஆனால் அது தரையில் சொட்டும், வாடை அவ்வளவாக வராது.

இவை சரியாக இருந்தால் டாப்பட் கவர் பேக்கிங்தான், அதாவது ஹெட்டின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டைதான், முதல் சந்தேகம். இங்கேதான் அவசரப்படக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டீகிரீஸர் அடித்துத் துடைத்து நன்றாகக் காயவிடு. சந்தேகப்படும் ஓரங்களில் முகப்பவுடரை லேசாகத் தூவி, அடிவாரத்திலிருந்து ஐந்தாறு வளைவு ஏறி இறங்கு. இன்ஜின் ஆறியபின் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் கசிந்த இடத்தில் பவுடர் பழுப்பாக ஊறியிருக்கும். நனைந்ததில் எது உயரமான இடமோ அதுதான் கசிவு. கீழே தெரிவதெல்லாம் வழிந்து வந்தது. அடிப்பக்கம் நனைந்திருப்பதை மட்டும் பார்த்து ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், இந்தச் சோதனை முடியாமல் சம்மதிக்காதே.

பேக்கிங் என்று உறுதியானால் அரை நாள் வேலை. ஸ்பார்க் பிளக் மேல் இருக்கும் காயிலையும் பிரீதர் ஹோஸையும் எடுத்துவிட்டு, பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனரால் கவரைத் திற. பழைய பேக்கிங்கை வளைத்துப் பார். ரப்பராக மடங்காமல் பிளாஸ்டிக் மாதிரி படக்கென்று ஒடிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் நின்றால் குழி சீலையும் சேர்த்து மாற்று. ஹெட் அலுமினியம், அதனால் இரும்புப் பட்டையால் சுரண்ட விடாதே. பிளாஸ்டிக் துண்டும் பிரேக் கிளீனரும் போதும். சிலிக்கான் பேஸ்ட்டைச் சுற்றிலும் அப்புவது தப்பு. உள்ளே பிதுங்கும் துணுக்கு ஆயில் சல்லடையை அடைக்கும். டைமிங் கவர் ஹெட்டோடு சேரும் மூலைகளில் பட்டாணி அளவு வைத்தால் போதும். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஏறக்குறைய 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். உன் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. கசியக் கூடாதே என்று கூடுதலாக இறுக்கினால் கவர் வளைந்து, அதே இடத்தில் மறுபடி கசியும். பேஸ்ட் காய ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்.

பலரும் விட்டுவிடுவது பிசிவி வால்வை, அதாவது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுக்கும் சின்ன வால்வை. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது பேக்கிங்கையும் பிதுக்கிவிடும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வை. லேசாக உறிஞ்சிப் பிடித்தால் நல்லது. புகையோடு குப்குப்பென்று தள்ளினால், வால்வையும் ஹோஸையும் பார்க்க வேண்டும். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். விலை குறைந்த சாமான், மாற்றிவிடு.

ஆயில் வெளியே எங்கும் தெரியாமல் அளவு மட்டும் குறைந்தால் விஷயம் வேறு. மேலிருந்து ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் செகண்ட் கியரில் இறங்கி வந்து, அடிவாரத்தில் மிதித்ததும் பின்னால் நீலப்புகை குப்பென்று வந்தால், வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல் தேய்ந்திருக்கிறது. ஏறும்போது விடாமல் நீலப்புகை என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது.

வேலை முடிந்ததும் மேனிபோல்டை மூடியிருக்கும் ஹீட் ஷீல்டு தகட்டுக்குள் ஊறியிருக்கும் பழைய ஆயில் ஒன்றிரண்டு ஏற்றத்துக்கு மணக்கும், பயப்படாதே. அதுவரை வண்டியில் ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் வைத்திரு. பானெட்டிலிருந்து புகை வந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாரையும் இறக்கு. பானெட்டைச் சட்டென்று முழுதாகத் திறக்காதே, காற்று பாய்ந்தால் தீ பற்றும். ஆயில் நெருப்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தங்கச்சியிடமும் இதைச் சொல்லி வை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அவள்தானே ஓட்டிப்போகிறாள்.

பவுடர் தூவிப் பார்த்ததும் எந்த ஓரம் நனைந்தது என்று எழுது. பேக்கிங் செட்டை இங்கேயே வாங்கி, ஏற்காடு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்