கிழக்கு என்றால் கைகட்டி நிற்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு தனிமனித உரிமையை முன்வைக்கிறது, கிழக்காசியா குடும்பத்தையும் அரசையும் முன்வைக்கிறது, அதனால்தான் அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. டீக்கடைப் பேச்சும் இதுதானே: "சிங்கப்பூர் மாதிரி நாலு பேருக்குப் பிரம்படி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்."

சரி, அந்தப் பிரம்பையே எடுத்துக்கொள்வோம். கார்கள்மேல் பெயிண்ட் அடித்த வழக்கில் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்க இளைஞருக்கு 1994இல் சிங்கப்பூரில் நான்கு பிரம்படி விழுந்தது. ஆசியப் பண்பாடு வேறு, மேற்கு வேறு என்று அப்போது உலகமே பேசியது. ஆனால் பிரம்படி அங்கே போனது ஆங்கிலேயரின் தண்டனைச் சட்டத்தோடு. பெயிண்ட் கிறுக்கலுக்கும் அது உண்டு என்று 1966இல் நீட்டித்தது மட்டும்தான் சுதந்திர சிங்கப்பூர். மறுபக்கம், நாம் வெள்ளைக்காரன் கொடுத்ததாக நினைக்கும் போட்டித்தேர்வைப் பாருங்கள். லண்டனில் இந்திய ஆட்சிப் பணிக்கான ஐ.சி.எஸ். தேர்வு 1855இல்தான் தொடங்கியது. சீனாவில் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்வெழுதி அதிகாரியானார்கள்.

சீன அறிஞர் கன்பூசியஸின் வழிவந்த கன்பூசிய மரபு என்றால் மேலிடத்துக்குத் தலையாட்டுவது என்பதும் பாதிக் கதைதான். கொரியாவில் அரசரின் பேச்சையும் செயலையும் குறித்துவைக்க வரலாற்று எழுத்தர்கள் இருந்தார்கள். அந்தக் குறிப்பை அரசரே படிக்கக் கூடாது என்பது மரபு. 1404இல் டேஜோங் மன்னர் மான் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்து, "எழுத்தருக்குத் தெரிய வேண்டாம்" என்றார். அவர் விழுந்ததும் பதிவாகியிருக்கிறது, அப்படிச் சொன்னதும் பதிவாகியிருக்கிறது! நம் அமைச்சர் அலுவலகங்களில் இப்படி ஒருவரை உட்கார வைத்தால் எத்தனை நாள் வேலையில் இருப்பார்?

பண்பாடுதான் ஆட்சிமுறையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை 1994இல் ஓர் அமெரிக்க இதழின் பேட்டியில் சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் யூ சொன்னார். அதே ஆண்டு, அதே இதழில் தென்கொரிய அரசியல் தலைவர் கிம் டே-ஜுங் மறுப்பு எழுதினார். ராணுவ ஆட்சியில் மரண தண்டனை விதிக்கப்பட்டுத் தப்பியவர் அவர். கொடுங்கோல் மன்னனை மக்கள் அகற்றலாம் என்பதை ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கன்பூசிய மரபில் வந்த சீனச் சிந்தனையாளர் மென்சியஸ் சொல்லிவிட்டார் என்பது அவர் வாதம். 1997 தேர்தலில் வென்று தென்கொரிய அதிபரும் ஆனார்.

2024 டிசம்பர் 3 இரவு அதே நாட்டின் அதிபர் யூன் ராணுவச் சட்டம் அறிவித்தபோது, உறுப்பினர்கள் சிலர் மதிலேறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். சபாநாயகரும் சுவர் ஏறினார். நள்ளிரவு தாண்டி, வந்திருந்த 190 பேரும் அதை ரத்து செய்ய வாக்களித்தார்கள். அதிபரின் கட்சிக்காரர்களும் அதில் உண்டு. விடிவதற்குள் சட்டம் விலக்கப்பட்டது. அடுத்த ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியது.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் தைவானையும் சேர்த்துக்கொள்ளட்டும். 38 ஆண்டு ராணுவச் சட்டத்தின் கீழ் இருந்து, 1987இல் அது நீங்கி, 1996இல் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஊர் அது.

தங்கள் வாசகர்,
திருநெல்வேலி