பின்பாட்டுக் குரல்களையும் சொல்லியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டிஸ்கோ இசையைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நியூயார்க் நடனக் கூடங்களைப் பற்றிக் கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார். ஆனால் டிஸ்கோவில் தாளமே எல்லாம், பாடகரின் குரல் ஒப்புக்குத்தான் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 'டோன்ட் லீவ் மீ திஸ் வே' பாடலை அமெரிக்கப் பாடகி தெல்மா ஹூஸ்டனின் பாடலாக மட்டும் குறிப்பிட்டுவிட்டு, அதை முதலில் பாடிய குழுவின் பெயரையே விட்டுவிட்டதும் மனத்தை உறுத்தியது. இரண்டுக்கும் ஒரே இசைத்தட்டில் மறுமொழி இருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஹெரால்டு மெல்வின் அண்ட் தி புளூ நோட்ஸ் குழுவினரின் 'வேக் அப் எவ்ரிபடி' ஆல்பம் 1975ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்தது. கப்பல் வேலையில் இருந்த என் மூத்த அண்ணன் கொண்டுவந்த இசைத்தட்டுகளில் அதுவும் ஒன்று. உறையின் ஓரங்கள் பிய்ந்துவிட்டன. தட்டு இன்னும் நன்றாகப் பாடுகிறது.

பிலடெல்பியாவில் 1950களில் தொடங்கிய இந்தக் குழு, நெடுங்காலம் கிளப்புகளில் பாடிக் காலம் தள்ளிய பிறகு, கென்னி கேம்பிள், லியான் ஹஃப் ஆகிய இருவரும் 1971இல் தொடங்கிய பிலடெல்பியா இன்டர்நேஷனல் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்துதான் பெரும்புகழ் பெற்றது. அதற்குள் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்க வந்திருந்த டெடி பெண்டர்கிராஸ் என்ற இளைஞர் முதன்மைப் பாடகராகியிருந்தார். 1973இல் இவர்கள் பாடிய 'தி லவ் ஐ லாஸ்ட்' மெதுவான சோகப்பாட்டாகத்தான் முதலில் எண்ணப்பட்டது. சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில் அதன் வேகத்தைக் கூட்டியபோது, டிரம்ஸ் கலைஞர் ஏர்ல் யங் நான்கு அடியிலும் பேஸ் டிரம்மை விழவைத்து, இடைவெளிகளை ஹை-ஹேட் என்ற இரட்டைத் தாளத்தட்டின் சலசலப்பால் நிரப்பினார். பின்னாளில் டிஸ்கோ என்று உலகம் அறிந்த தாளத்தின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது அந்தப் பதிவைத்தான். எனவே அந்தத் தாளமே சோல் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசையைப் பாடும் ஒரு குழுவின் குரலைத் தாங்குவதற்காகப் பிறந்தது. குரலை ஓரம் தள்ளுவதற்காக அன்று.

இனி ஆல்பத்துக்கு வருகிறேன். தலைப்புப் பாடல் ஏழு நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. முதலில் பியானோ மட்டும் அலையலையாக வருகிறது. சிறிது சிறிதாகப் பேஸ் கிடாரும் தந்தி வாத்தியங்களும் சேர்கின்றன. பெண்டர்கிராஸ் உரத்துத் தொடங்குவதில்லை. உறங்குகிறவரை வாசலில் நின்று மெல்ல எழுப்புவதுபோல் தொடங்குகிறார். ஆசிரியர்களே, புதிய முறையில் கற்பியுங்கள். மருத்துவர்களே, முதியோரைக் குணப்படுத்துங்கள். கட்டுமானம் செய்வோரே, புதிய நாட்டைக் கட்டுங்கள் என்று ஒவ்வொரு தொழிலாரையும் விளித்துக்கொண்டே போகும் பாட்டு, பாதிக்கு மேல் எழுதிவைத்த வரிகளை விட்டு விலகி, தேவாலயப் பிரசங்கமாகவே மாறிவிடுகிறது. சிறுவயதிலேயே போதகராக நியமிக்கப்பட்டவர் அவர் என்பதை அந்தக் கடைசி நிமிடங்களில் காதால் உணரலாம். அவர் ஒன்று சொல்ல, பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கிப் பாட, அவர் அதற்கும் மேலே போக, நம் ஊர்ப் பின்பாட்டைப் போலவே ஒருவரையொருவர் தூக்கி நிறுத்துகிறார்கள். மக்ஃபேடன், வொயிட்ஹெட், கார்ஸ்டார்ஃபன் ஆகிய மூவர் எழுதிய இந்தப் பாட்டை, ஜான் லெஜெண்டும் தி ரூட்ஸ் குழுவும் 2010இல் மீண்டும் பாடியபோது ஒரு சொல்கூடப் பழசாகத் தெரியவில்லை.

'டோன்ட் லீவ் மீ திஸ் வே' ஆறு நிமிடப் பாட்டு. ஒரு முறையாவது கட்டுரையாளர் இதைத் தனிமையில் கேட்க வேண்டும். தொடக்கத்தில் பெண்டர்கிராஸ் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்டத் தமக்குள்ளேயே பேசிக்கொள்கிறார். தாளம் அடக்கமாகத்தான் இருக்கிறது. பல்லவியை நெருங்கும்போது அவர் நெஞ்சிலிருந்து ஒரு நீண்ட கூவல் புறப்படுகிறது. அந்தக் கணத்தில்தான் டிரம்ஸும் தந்திகளும் பொங்கி எழுகின்றன. குரல் கதவைத் திறக்கிறது, தாளம் அதன் வழியே உள்ளே நுழைகிறது. கால் தானாக ஆடுவது அதற்குப் பிறகுதான். தெல்மா ஹூஸ்டனின் வடிவம் மிகச் சிறந்தது. 1977 ஏப்ரலில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது நியாயமே. ஆனால் அடங்கி நின்று பொங்கும் அந்த அமைப்பு அவருக்கு முன்பே இங்கே இருக்கிறது.

ஷாரன் பேஜ் இணைந்து பாடிய மெதுவான காதல் பாட்டும் இனிமையானது. மற்றப் பாடல்கள் எல்லாம் இதே உயரத்தில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் குழுவுக்குப் பெயர் விஷயத்தில் அநீதி நடப்பது புதிதும் அன்று. உறையில் மெல்வின் பெயர் முன்னே நின்றதால், பெண்டர்கிராஸின் கரகரத்த குரல் மெல்வினுடையது என்றே பலர் நம்பினார்கள். பெண்டர்கிராஸின் பெயரைத் தனியாக அச்சிடத் தொடங்கிய சிறிது காலத்திலேயே அவர் குழுவை விட்டுப் பிரிந்தார். அவர்கள் சேர்ந்து பாடிய கடைசி ஆல்பம் இதுதான். அவருக்காவது தனிப்புகழ் கிடைத்தது. பின்னால் நின்று பாடியவர்களை யாரும் கேட்பதே இல்லை. பெண்டர்கிராஸ் மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டு சரிந்துவிடாமல் பிடித்திருப்பவர்கள் அவர்களே.

ஆகவே அடுத்த இதழில் சிறிய திருத்தமாவது வெளியிட வேண்டுகிறேன். 'டோன்ட் லீவ் மீ திஸ் வே' பாடலை 1975இல் முதலில் பாடியவர்கள் டெடி பெண்டர்கிராஸ், ஹெரால்டு மெல்வின், லாரன்ஸ் பிரவுன், பெர்னார்டு வில்சன், ஜெர்ரி கம்மிங்ஸ்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி