மாதத்தில் ஒரு நாளைப் பூனைக்கு ஒதுக்குங்கள்: வன்னியின் மிருக வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வைத்தியர்களுக்கு,

வணக்கம். ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் ஊரில் உங்களை ‘மாட்டு டொக்டர்’ என்றுதான் சொல்வார்கள். அது மரியாதையோடு சொல்கிற பெயர்தான். கன்று ஈன முடியாமல் பசு தவிக்கும்போது, மழைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவரை நாங்கள் மறப்பதில்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் நீங்கள் செய்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மடல் பூனைகளைப் பற்றியது.

2010இல் நாங்கள் மீளக்குடியேறி வந்தபோது இருந்தது ஒரு தகரக் கொட்டிலும் நிவாரண அரிசி மூட்டையும்தான். இருட்டினால் எலி. சாக்கைக் கடித்தது, நுளம்பு வலையைக் கடித்தது, ஒருநாள் தூக்கத்தில் தம்பியின் கால்விரலையும் கடித்தது. எலியைத் தேடிப் பாம்பு வந்தது. அம்மா மாங்குளத்துக்குப் போய் உரப்பைக்குள் ஒரு பெட்டைக் குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். அதுதான் கறுப்பி. அது வந்த பிறகுதான் நாங்கள் நிம்மதியாகக் கண்ணை மூடினோம். இன்று எங்கள் ஒழுங்கையில் நிற்கிற பூனைகளில் பாதிக்கு மேல் அதன் பரம்பரை. வன்னியில் பூனை செல்லத்துக்காக மட்டும் வளர்கிற பிராணி இல்லை. நெல்லுக்குக் காவல் அது.

அந்தக் கறுப்பியை நான்தான் கொன்றேன்.

கடுவனோடு சண்டை போட்டு வந்து, முதுகில் கடிகாயம் சீழ் கட்டி, உடம்பு கொதிக்கப் படுத்திருந்தது. எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கை முதலில் போவது பனடோல் அட்டைக்குத்தான். அரைக் குளிசையை நசித்துப் பாலில் கலந்து பருக்கினேன். பின்னேரம் பார்த்தால் முகம் வீங்கிக் கிடந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்தேன், பல்முரசு ரோஜா நிறமாக இல்லை, மண்ணைக் குழைத்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு இழுத்தது. விடியவில்லை, முடிந்துவிட்டது. காயத்தால் செத்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடங்கள் ஆயின. பனடோலில் இருக்கிற பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றுகிற வேலையைப் பூனையின் ஈரல் மிகக் குறைவாகத்தான் செய்யும். தேங்கி நிற்கிற மருந்து இரத்தத்தைப் பழுதாக்கிவிடும், இரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாது. 500 மில்லிகிராம் குளிசையில் பாதியே மூன்று நான்கு கிலோ பூனையைக் கொல்லப் போதும். மனிதருக்குக் கொடுக்கிற அதே மாற்று மருந்தால், நேரத்தோடு போனால் காப்பாற்றலாமாம். இது உங்களுக்கு முதல் வருடப் பாடமாக இருக்கும். எங்களுக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அடுப்படியில் பனடோல் அட்டை இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இதே தவறு நடக்கக்கூடும், வைத்தியர்களே. நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் ஒரு சண்டை. போன மாரியில் எங்கள் ஒழுங்கையில் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. முதல் நாள் சாப்பாட்டைத் தொடாது. அடுத்த நாள் மஞ்சள் நுரையாகச் சத்தி, பிறகு நாற்றமெடுக்கும் வயிற்றோட்டம். தண்ணீர்ச் சட்டிக்கு மேல் தலையைத் தொங்கப்போட்டபடி இருக்கும், குடிக்காது. நாலாம் நாள் இல்லை. ‘யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள்’ என்று பேச்சுக் கிளம்பியது. கோழி வளர்க்கிற வீட்டுக்காரர்மேல் சந்தேகம் விழுந்தது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்தினார்கள். இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேசுவதில்லை. பக்கத்துப் பக்கத்துக் காணி, ஒரே வாய்க்கால் தண்ணீர்.

அந்த அறிகுறிகளைப் பிறகு படித்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது, அது பெரும்பாலும் பூனைகளின் வயிற்றோட்ட வைரஸாகத்தான் இருந்திருக்க வேண்டும். நீங்கள் பன்லூக்கோபீனியா என்பீர்கள். நாய்க்குட்டிகளைக் கொல்கிற பாவோவுக்கு உறவு. தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவற்றைச் சில நாட்களில் முடித்துவிடும். அந்தக் கிருமி மண்ணிலும் சாக்கிலும் ஒரு வருடம்வரை கிடக்கும். டெட்டோல் போட்டுக் கழுவினால் போகாது. குளோரின் கரைசலுக்குத்தான் மசியும். கிணற்றுக்குக் குளோரின் போட்டுப் பழகிய ஊருக்கு இது பெரிய காரியமா? சொல்ல ஆள் இருந்திருந்தால், செத்த குட்டி படுத்த சாக்கை எரித்து, தரையைக் குளோரினால் கழுவி, அடுத்த குட்டிக்கு ஊசி போட்ட பிறகுதான் வீட்டுக்குள் எடுத்திருப்போம். நாங்களோ செத்த குட்டியின் பெட்டியிலேயே புதுக் குட்டியைப் படுக்க வைத்தோம்.

ஊசி இருக்கிறது என்பதே இங்கே பலருக்குத் தெரியாது. எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை. இந்த நோய்க்கும், கண்ணில் பீளை கட்டி மூக்கடைத்துச் சாகிற சளிக்காய்ச்சலின் இரண்டு வைரஸ்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி. நான் கேட்ட ஓரிடத்தில் ‘பூனைக்கு வைத்திருப்பதில்லை, கேட்கிற ஆட்கள் இல்லை’ என்றார்கள். அது பொய்யில்லை. கேட்கலாம் என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்.

உண்ணி மருந்தையும் சொல்ல வேண்டும். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்து எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கும். மிச்சத்தைத் தண்ணீரில் கலந்து தெள்ளுப் பிடித்த பூனைக்கும் பூசிவிடுவார்கள். நாய்க்கு வாங்கியதைப் பூனைக்கும் பின்கழுத்தில் விடுவார்கள். பெர்மெத்ரின் போன்றவை நாய்க்கும் மாட்டுக்கும் சரி, பூனைக்கு நஞ்சு. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். பூசிவிட்டோம் என்று தெரிந்தால் உடனே பாத்திரம் கழுவுகிற சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டு கழுவி, துணியால் சுற்றிக்கொண்டு உங்களிடம் ஓடி வர வேண்டும். சொறிக்குக் கழிவு எண்ணெய் பூசுவதும் இதே கதைதான். பூனை தன் உடம்பை நக்கியே துப்புரவாக்கும், தோலில் பூசுவது எல்லாம் வயிற்றுக்குள் போகும். மருந்து விற்கிற கடைக்காரர்களிடம் ‘பூனைக்குக் கொடுக்காதே’ என்று ஒரு துண்டுத்தாள் ஒட்டச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைப்பதைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சித்தியின் செவலைக் கடுவன் நல்ல கொழுத்தது. மகள் நகரத்தில் வேலை பார்க்கத் தொடங்கியதும் பாசத்தில் மாதாமாதம் உலர்தீனிப் பை அனுப்புவாள். சித்திரை வெயில், குடிக்க வைத்த சட்டியைக் கோழி கவிழ்த்துவிடும். ஒரு நாள் அது மணல் கும்பிக்குப் போய்க் குந்துவதும் எழும்புவதும் திரும்பக் குந்துவதுமாக இருந்தது. மலச்சிக்கல் என்று சொல்லி ஆமணக்கெண்ணெய் பருக்கினார்கள். அடுத்த நாள் சத்தி எடுத்தது. மூன்றாம் நாள் நான் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், தோடம்பழம் அளவுக்குக் கல்லாக இருந்தது. ஓட்டோ பிடித்துப் புறப்பட்டோம். ஏ9 வீதியில் ஏறுவதற்கு முன்பே மடியில் குளிர்ந்துவிட்டது. ஆணின் சிறுநீர்க் குழாய் மிக ஒடுங்கியது, மணல் போன்ற துகள் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும், இரண்டு நாட்களுக்குள் உயிர் போகலாம் என்பதை அன்று அந்த ஓட்டோவில் இருந்த ஒருவருக்குக்கூடத் தெரியாது. குந்திக் குந்தி முக்குகிற கடுவனை அன்றைக்கே கொண்டு வர வேண்டும் என்ற ஒரு வரி தெரிந்திருந்தால் போதும். தீனியில் தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கொடுத்திருந்தால் அந்த நிலைமையே வராமல் போயிருக்கவும் கூடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். சோறும் குழம்பும்தான் இங்கே பூனைக்கு. குழம்பில் வெங்காயமும் உள்ளியும் இருக்கிறது, இரண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். வெறும் சோற்றிலேயே வளர்ந்தால் டோரின் என்கிற சத்துக் கிடைக்காமல் காலப்போக்கில் கண்ணும் இதயமும் பழுதாகும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. உப்புப் புளி போடாமல் அவித்த மீன் துண்டு, ஈரல் துண்டு போதும், அதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை. பசும்பால் பல வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றால் போகச் செய்யும். பூச்சி மருந்து குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்தே கொடுக்கத் தொடங்கலாம், தாய்ப்பாலிலேயே வட்டப்புழு வந்துவிடுகிறது. வாலடியில் காய்ந்த சோற்றுப்பருக்கை போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு, தெள்ளை ஒழிக்காமல் அது ஒழியாது.

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் இருப்பவர்களுக்கு ஒன்று. மீன் வாசத்துக்குத் தங்கூசியை, அதாவது மீன்பிடிக்கிற நைலோன் நூலை, பூனை விழுங்கிவிடும். வாயிலோ பின்னாலோ நுனி தொங்குவதைக் கண்டால் இழுக்கவே கூடாது. உள்ளே குடலைச் சுருக்கி அறுத்துவிடும். அப்படியே உங்களிடம் கொண்டு வர வேண்டும்.

விசர் நோய்க்கு நாடு முழுக்க இலவச ஊசி உண்டு, நாய்க்கும் பூனைக்கும். ஆனால் எங்கள் ஊருக்கு வருகிற வாகனத்தின் ஒலிபெருக்கி ‘உங்கள் நாய்களைக் கொண்டு வாருங்கள்’ என்றுதான் சொல்கிறது. பூனையை யாரும் கொண்டு போவதில்லை. பூனைக் கடியாலும் விசர் வரும். காயத்தைச் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. ‘நாய், பூனை’ என்று அறிவிப்பில் ஒரு சொல்லைச் சேருங்கள். தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டு வரச் சொன்னால் பிறாண்டாது, ஓடாது.

கடைசியாகக் கருத்தடை. எனக்கு இதுதான் மிகவும் கவலை. பெட்டை நாலைந்து மாதத்திலேயே வேட்கைக்கு வந்துவிடும். 65 நாளில் குட்டி. பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினையும் பிடிக்கும். பெரியவர்கள் என்ன செய்வார்கள்? குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தையடியிலோ கோயிலடியிலோ விட்டுவிடுவார்கள். ஒட்டுசுட்டான் சிவன் கோயில் வீதியில் கண் திறக்காத குட்டிகள் வெயிலில் கத்திக்கொண்டு கிடந்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். விடுகிறவர்கள் கொடியவர்கள் இல்லை. அவர்களுக்கு வேறு வழி தெரியாது. குட்டி போடாமல் இருக்க ஓமோன் ஊசி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைத் தொடர்ந்து போட்டால் கருப்பையில் சீழும் மார்பில் கட்டியும் வருகிற ஆபத்துக் கூடுகிறது. பெட்டைக்கு ஆறு மாத வயதுக்கு முன் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் மார்புப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு 90 வீதமளவு குறைகிறது. கடுவனுக்குச் செய்தால் ஊர் சுற்றலும் சண்டையும் கடிகாயமும் குறையும். கறுப்பிக்கு அந்தக் காயமே வந்திருக்காது.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. மாதத்தில் ஒரு நாளை, ஒரு முன்னேரத்தையாவது, பூனைக்கென்று அறிவியுங்கள். வருகிற ஆட்களின் பெயரை நாங்களே முன்கூட்டி எழுதித் தருகிறோம், அதற்கேற்ற அளவு ஊசி எடுத்தால் ஒன்றும் வீணாகாது. பனடோல், உண்ணி மருந்து, முக்குகிற கடுவன், நாலு நாளில் சாகிற குட்டி, தங்கூசி என்று இந்த ஐந்தையும் பெரிய எழுத்தில் உங்கள் பணிமனைச் சுவரிலும் பிரதேச சபை அறிவித்தல் பலகையிலும் எழுதிப் போடுங்கள். பக்கத்தில் இரவில் அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம்.

எங்கள் வாசிகசாலை மண்டபத்தின் திறப்பு என்னிடம் இருக்கிறது. மின்சாரம் உண்டு, நீளமான மேசை இரண்டு உண்டு, கிணறு பக்கத்திலேயே. ஊசியை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது என்று தெரியும். அதற்குக் கடைக்காரத் தம்பி தன் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். சத்திரசிகிச்சை முடிந்த பூனைகளை மயக்கம் தெளியும்வரை பார்த்துக்கொள்ள எங்கள் மாதர் சங்கத்து அக்காமார் ஆயத்தம். வேலிச் சண்டை போட்ட அந்த இரண்டு வீடுகளிலும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு வீட்டாரும் பூனையைக் கொண்டு வருகிறோம் என்றார்கள்.

திகதியை மட்டும் சொல்லுங்கள். காலபோக விதைப்புக்கு முன்னர் என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விவசாயியின் மகள்