மேல்வீட்டு அக்காகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு சாமி

சாமி, காய்ச்சல் விட்டுருச்சா? மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா உனக்கு இடியாப்பமும் சொதியும் வச்சுக் குடுத்தாங்கன்னு சொன்னீல்ல, அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல, போன்ல சொல்ல வாய் வரல, அதான் டைப் பண்றேன்.

1983ல கொழும்புல தமிழாளுகளைக் கடை வீட்டோட எரிச்சப்பவே நம்மூர்ல எல்லாரும் கொதிச்சுப் போனாங்க. 1990ல மறுபடியும் சண்டை வந்து சனங்க போட்டுல ராமேஸ்வரம் எறங்கி, மண்டபத்துல பேர் பதிஞ்சு, நம்ம பவானிசாகர் முகாமுக்கு வந்தாங்க. ஊர்ல அரிசி, சேலை, வட்டல்னு சேத்துக் கொண்டுபோய்க் குடுத்தாங்க, உங்க அப்பிச்சியும் ரெண்டு மூட்டை நெல்லு குடுத்தாரு.

அப்ப நம்ம தோட்டத்துக்கு முல்லை பறிக்க மன்னார்க்கார அக்கா ஒருத்தங்க வருவாங்க. விடியறதுக்கு முன்னாடி அரிக்கேனை வரப்புல வச்சுட்டு ரெண்டு பேரும் பறிப்போம், எதைக் கேட்டாலும் "ஓம் பிள்ளை"ம்பாங்க. ஒருநாள் நம்ம அடுப்புல சொதி வச்சாங்க, அம்முச்சி ரெண்டு தரம் வாங்கிச் சாப்ட்டாங்க. பண்ணாரி நோம்பிக்கு வேட்டு போட்டப்ப அந்தக்கா என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுச் செடிக்கடியில குப்புறப் படுத்துட்டாங்க, எந்திரிச்சப்ப மடியிலிருந்த பூவெல்லாம் மண்ணு.

1991 மே மாசம் ராஜீவ் காந்தியைக் கொன்ன பொறவு ஊரே மாறிப்போச்சு. போலீஸ் விசாரணைக்குப் பயந்து முகாம்காரங்களை வேலைக்கு வெக்க வேண்டாம்னு பேசிக்கிட்டாங்க. அப்பிச்சி ஒரு வாரக் கூலியத் திண்ணையில வச்சாரு, கையில குடுக்கல. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன், வெளிய வரவே இல்ல. அந்தக்கா பூக்கூடையக் கழுவிக் கவுத்து வச்சுட்டுப் போனாங்க. 92ல சனங்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சப்ப அவங்களும் போயிட்டதா பொறவு கேள்விப்பட்டேன்.

2009ல வன்னியில குண்டு போட்டு அத்தன சனம் செத்தப்ப டிவி பாத்து அழுதேன், உண்ணாவிரதப் பந்தல்ல போய் உக்காந்தேன். ஆனா பஸ் ஏறுனா அரைமணி நேரத்துல போற முகாமுக்கு நான் போகல கண்ணு. அங்கயே பொறந்து வளந்த புள்ளைங்க, பெயிண்ட் அடிக்கப் போறவங்க, இன்னும் இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாம இருக்கறாங்க. 2021ல மறுவாழ்வு முகாம்னு பேரை மாத்துனாங்க, பேரு மட்டும் மாறி என்ன பண்றது.

மேல்வீட்டு அக்காகிட்ட நம்மூரு பவானிசாகர் பக்கம்னு சொல்லு. சொதிக்கு வெந்தயம் எப்பப் போடோணும்னு கேட்டு அனுப்பு, அன்னைக்குப் பக்கத்துலயே நின்னும் நான் கவனிக்கல. வர்ற ஞாயித்துக்கெழமை முகாமுக்குப் போறேன், சும்மா கையை வீசிட்டுப் போகாம அதை வச்சு எடுத்துட்டுப் போகோணும்னு இருக்குது.

அம்மா