நிரலில்லாமல் நடக்கும் பூச்சி

காட்பாடி

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். வெயில் வழக்கம்போல; பாலாறும் வழக்கம்போல மணல்தான். கடிதம் போடாததற்கு உன்னைத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன். ரேடியோ மாமா கொடுத்த இரண்டு கியர் மோட்டார்களில் நம் பூச்சி ரோபோ நடந்துவிட்டது.

ஆர்டுயினோ என்ற நிரல் பலகையில் நாலு வரி எழுதினால் முடிகிற வேலைதானே என்பாய். ரோபோ வடிவமைப்பாளர் மார்க் டில்டனின் நரம்பு வலை என்ற மின்சுற்றில் எழுத வேண்டிய வரியே இல்லை என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 74ஹெச்சி14 சில்லில் ஆறு ஷ்மிட் இன்வெர்ட்டர்கள், அதாவது உள்ளீடு மேலிருந்தால் வெளியீட்டைக் கீழாகவும் கீழிருந்தால் மேலாகவும் மாற்றித் தரும் சுற்றுகள், இருக்கின்றன. ஒன்றின் உள்ளீட்டுக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர், அந்த உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர், இவை சேர்ந்தால் ஒரு நரம்பணு. முந்தையதன் வெளியீடு மேலேறும் கணத்தில் இதன் வெளியீடு கீழே இறங்கி, கெப்பாசிட்டரின் மின்னூட்டம் ரெசிஸ்டர் வழியே மாறித் தீரும்வரை கீழேயே இருந்து, பிறகு மேலேறி அடுத்ததை எழுப்புகிறது. 0.22 மைக்ரோஃபாரடும் 2.2 மெகாஓமும் போட்டால் ஏறத்தாழ அரை நொடி கிடைக்கும்.

நான்கு நரம்பணுக்களை வளையமாக இணைத்து, ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே ஒரு மோட்டாரும், இரண்டுக்கும் நான்குக்கும் இடையே மற்றதும் வைத்தால், சுற்றி வரும் ஒரே துடிப்பு முன்கால்களையும் பின்கால்களையும் முறைவைத்து ஆட்டுகிறது. சுவிட்சைப் போட்டதும் எதிரெதிரே இரண்டு துடிப்புகள் கிளம்பிவிட்டால்தான் சங்கடம்: மோட்டாரின் இரு முனைகளும் ஒரே நிலைக்கு வந்து பூச்சி அசையாமல் நின்றுவிடும். அதற்காக மீதமுள்ள இன்வெர்ட்டர் ஒன்றைக் கொண்டு, தொடக்கத்தில் ஒரு நரம்பணுவை அழுத்திப் பிடித்து, மற்ற துடிப்புகள் அடங்கிய பிறகு விட வேண்டும்.

முன்கால் நரம்பணு ஒன்றின் ரெசிஸ்டருக்குப் பதிலாக, ஒளி பட்டால் தடை குறையும் எல்டிஆரைப் பொருத்தி டார்ச் அடித்தேன். அந்தப் பக்க வீச்சு குறுகி, பூச்சி மெல்லத் திரும்பியது! மூளை ஆய்வாளர் கிரே வால்ட்டர் 1940களின் இறுதியிலேயே இரண்டு வால்வுகளை (பழைய ரேடியோவின் கண்ணாடிக் குழாய்கள்) வைத்து ஒளி தேடும் ஆமை ரோபோக்களைச் செய்து காட்டினார். இன்று நம் பிள்ளைகளுக்கு ரோபோ என்றால் பெட்டியில் வரும் பலகையும் நகலெடுத்த நிரலும் என்றுதான் சொல்லித் தருகிறார்கள். காலம் ஒரு கெப்பாசிட்டருக்குள் கரைவதைக் கண்ணால் பார்க்காமலேயே அவர்கள் பொறியாளர்களாகிவிடுவார்களே என்பது எனக்கு உண்மையான கவலை.

இப்போது மோட்டார்கள் வலுவின்றி ஓடுகின்றன, ஏனெனில் ஹெச்சி14 தரும் மின்னோட்டம் போதவில்லை. சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால் கூடுதல் மின்னோட்டம் தரும் 74ஏசி240 சில்லு இரண்டு வாங்கி வா. அதன் ஒவ்வொரு வெளியீடும் 24 மில்லியாம்பியர் தாங்கும், இணையாகச் சேர்த்துக்கொள்ளலாம். சால்டர் இல்லாமல் சுற்று அமைக்கும் பிரெட்போர்டில் செருகும் டிஐபி (இரு வரிசைக் கால்) வகையா என்று பார்த்து வாங்கு.

அன்புடன்,
உன் நண்பன்